துக்க வருடத்துக் கூரை

இப்படி உட்காருங்கள். நான் அனுப்பிய புகார் மனுவின் பேரில் உங்கள் தொண்டு நிறுவனம் உங்களை விசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. நல்லது. பதினெட்டு நாள் கழித்தாவது ஒருவர் வந்தாரே. நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், சுருக்கிக் குறிக்காதீர்கள். சுருக்கும்போதுதான் பொய் உள்ளே நுழைகிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலூர் நீதிமன்றத்தில் இருந்தவன் சொல்கிறேன். ஓய்வு பெற்றபோது சிரஸ்தார், அலுவலகத்துக்கே தலைமை எழுத்தர். நீதிபதிகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். வழக்குக் கட்டுகள் என் பொறுப்பில் இருந்தன. தணிகாசலம் காலத்தில் ஒரு கட்டிலிருந்து ஒரு தாள் காணாமற்போனது என்று எவனும் சொல்ல முடியாது.

எதிர்மனுதாரர் உங்கள் பணியாளர் பெர்சிஸ். வயது முப்பதுக்குள் இருக்கும். மாசி மாதம் எங்கள் தெருவுக்கு வந்தார். ரேஷன் கடையை அடுத்த சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம். தனித்தனியே வரக்கூடாதாம், குடும்பம் குடும்பமாக வரவேண்டுமாம். பருவநிலை மாறிவிட்டது, வெயில் முன்போல் இல்லை, இரவிலும் சூடு இறங்குவதில்லை, ஒவ்வொரு வீடும் அதற்கொரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று பேச்சு. வேலூர்க்காரனுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித்தர ஒருவர் வருகிறார், பாருங்கள். நானும் மருமகளுடன் போனேன். கற்றுக்கொள்வதற்காகப் போகவில்லை. தவறாக ஏதும் சொல்லப்பட்டால் அங்கேயே ஆட்சேபிக்க ஒருவர் வேண்டுமே என்று போனேன்.

என் வீட்டின் அமைப்பை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இந்தக் கூடம். அடுத்து ஓர் அறை. இரண்டுக்கும் காங்கிரீட் தளம். அந்த அறையில் என் கட்டுகள் இருக்கின்றன. நீதிமன்றத்துக் கட்டுகள் அல்ல, பதறாதீர்கள். என் கையெழுத்தில் நான் எடுத்த நகல்கள். மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான அறை ஒன்று. அதன் ஒரு கோடியில் சமையல், மறு கோடியில் மகன் கஜேந்திரனும் மருமகள் சுகுணாவும் படுக்கை. சமையல் முன்பு கீழேதான் நடந்தது. தாளிப்புப் புகை காகிதத்தை மஞ்சளாக்குகிறது என்று கண்டபின் மேலே மாற்றினேன். என் மனைவி குமுதவல்லி பதினோரு ஆண்டுகள் அங்கே சமைத்தாள். ஒரு குறை சொன்னதில்லை. சித்திரை பிறந்தால் மட்டும், "கூரைக்கு ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிச்சா தேவலைங்க" என்பாள். அதைக் குறை என்று கொள்ள முடியாது. ஆடி கழியட்டும் என்பேன். ஆடி கழிந்தால் மழை வந்துவிடும், அவளும் மறந்துவிடுவாள். சென்ற ஆண்டு வைகாசி ஒன்பதாம் தேதி காலமானாள். மாரடைப்பு. சான்றிதழ் இருக்கிறது. நகல் வேண்டுமானால் தருகிறேன்.

இனி சம்பவம். இரண்டாம் ஞாயிறு. பெர்சிஸ் குடும்பத்துக்கு ஒரு சிலேட்டும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் கொடுத்தார். சிலேட்டில் அவரவர் வீட்டை வரையவேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வீட்டு ஆட்கள் யார் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கே ஆளுக்கொரு கொட்டை. இதற்குப் பெயர் பாடம். நான் பலப்பத்தைக் கேட்டேன். சுகுணா கொடுக்கவில்லை. தானே வரைந்தாள். கூடத்தில் ஒரு கொட்டை வைத்தாள், அது நான். சிலேட்டின் மரச்சட்டத்தின்மேல் ஒன்று. அது கஜேந்திரன், ராணிப்பேட்டையில் செருப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். மாடி அறையில் இரண்டு வைத்தாள்.

"ரெண்டாவது யாரு சுகுணா?" என்றார் பெர்சிஸ்.

"வயித்துல இருக்கறது."

கூடம் முழுவதும் எங்கள் சிலேட்டைப் பார்த்தது. நான் எழுந்து, பிறவாத சிசுவுக்குச் சொத்தில் பங்கு உண்டு, ஆள் எண்ணிக்கையில் இடம் கிடையாது என்று தெளிவுபடுத்தினேன். பக்கத்து வீட்டு நவநீதம் என்று ஒருத்தி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. "உங்க எண்ணிக்கைல வேணாம் அண்ணே. அனல் அதுக்குந்தானே அடிக்குது?" என்றாள். சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயர்கள் மனுவின் இரண்டாம் பக்கத்தில் உள்ளன.

பெர்சிஸ் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "இந்த ரூம்ல யாருமே இல்லையே, இது என்ன?" என்று சிலேட்டில் விரலை வைத்தார்.

"அது மாமாவோட கட்டுங்க இருக்கற ரூமு," என்றாள் சுகுணா. "காகிதத்துக்குத் தளம். எங்களுக்கு ஷீட்டு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒரு குடும்பத்தின் உள்விவகாரத்தை இருபது குடும்பங்களுக்கு முன்னால் புளியங்கொட்டையால் அம்பலப்படுத்துவதுதான் காலநிலைக் கல்வியா? இது என் முதல் கேள்வி. உங்கள் நிறுவனம் எழுத்தில் பதில் தரவேண்டும்.

அப்புறம் வீட்டுக்கு ஒரு வெப்பமானி. மதியம் இரண்டு மணிக்குப் பார்த்து எழுத வேண்டும். சுகுணா நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதினாள். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. எனக்குச் சந்தேகம் வந்தது. மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். வெப்பமானி அடுப்புக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது. அதை மாற்றிப் படுக்கைப் பக்கம் மாட்டச் செய்தேன். முப்பத்தொன்பதரை. ஆக, ஒன்றரை டிகிரி மிகைப்படுத்தல். ஒரு சாட்சி ஒன்றரை டிகிரி பொய் சொன்னால் மீதி எதை நம்புவது? சொல்லுங்கள்.

பங்குனி பிறந்ததும் பெர்சிஸ் நேரே வீட்டுக்கு வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தார்.

"ஐயா, ஷீட்டு மேல சுண்ணாம்பு அடிச்சா உள்ள நாலு டிகிரி வரைக்கும் குறையும். தெருவுல பன்னெண்டு வீட்ல ஆளுங்களே சேர்ந்து அடிச்சிட்டாங்க. சுகுணாவுக்கு ஏழாவது மாசம். அந்தச் சூட்டுல இருக்கறது ரெண்டு பேருக்கும் நல்லதில்லைங்க."

"இந்த வீடு துக்க வருடத்தில் இருக்கிறது," என்றேன். "தலைத்திதி முடியும்வரை வெள்ளையடிக்க மாட்டோம். பொங்கலுக்கே அடிக்கவில்லை. உங்கள் வழியில் இந்த முறை இல்லாமல் இருக்கலாம்."

"எனக்குத் தெரியாதுங்க ஐயா, மன்னிச்சிடுங்க. சுவருக்கு வேணாம். கூரைக்கு மட்டும். தெருவுல நின்னு பார்த்தாத் தெரியாது."

"தெருவுக்குத் தெரியாமல் செய்வதற்குத் துக்கம் என்ன திருட்டா?"

"தலைத்திதி எப்போங்க ஐயா?"

"வைகாசியில்."

"அதுக்குள்ள இந்த வருஷத்து வெயில் முடிஞ்சிடுமே."

"முடியட்டும். அடுத்த ஆண்டும் வரும்."

"அதைத்தான் ஐயா நானும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்லிட்டிருக்கேன்," என்றார்.

எதிர்ப்பேச்சு. குறித்தீர்களா? அவர் படியிறங்கிப் போனபின் சுகுணா கதவருகே நின்று கேட்டாள்: "மாமா, துக்க வருஷத்துல வெள்ளையடிக்கக் கூடாது, சரி. ஏர்கூலர் வாங்கலாமா?" மாசியில் இந்தக் கூடத்துக்கு ஒன்று வாங்கியிருந்தேன். அதோ, அதுதான். அது இயந்திரம். இயந்திரத்துக்கு விலக்கு எங்கும் சொல்லப்படவில்லை. அதை அவளுக்கு விளக்கினேன். அவள் விளக்கத்தைக் கேட்பவளாக நிற்கவில்லை. "சுண்ணாம்பு அடிச்சா, அத்தை இருந்தப்பவே அடிச்சிருக்கலாம்னு ஆயிடும். அதுக்குத்தானே வேணாங்கறீங்க?" என்றாள்.

என் வீட்டில், என் முகத்துக்கு நேரே. அப்படிப் பேசுகிற பெண்ணல்ல அவள். மூன்று ஆண்டுகளாக, "சரிங்க மாமா" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்திய ஞாயிறுதான் பெர்சிஸ் கூட்டத்தில், "வெயிலால செத்தவங்களுக்கு வெயில்னு யாரும் எழுதறதில்லை. மூச்சு நின்னுச்சு, நெஞ்சுவலின்னுதான் எழுதுவாங்க" என்று சொல்லியிருந்தார். யார் பெயரையும் சொல்லவில்லை என்று உங்களிடம் வாதிடுவார். உண்மை, சொல்லவில்லை. ஆனால் தெரு முழுக்க அன்று மாலையே குமுதவல்லியின் பெயர் அடிபட்டது.

ஆகவே நான் முறைப்படி இறங்கினேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், குமுதவல்லி காலமான அன்று மதியம் அவளைக் கண்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கினேன். மூன்று பேர். படிக்கிறேன், கேளுங்கள்.

நவநீதம் சொல்வது: குமுதவல்லி மாடிப்படியில் ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தாள், தலை சுவரில் சாய்ந்திருந்தது, கையில் ஈரத்துண்டு. எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் சாமிக்கண்ணு சொல்வது: படி அல்ல, படிக்குக் கீழே தரையில், துண்டு கிடையாது, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேன் போடும் லோகநாதன் சொல்வது: நின்றுகொண்டிருந்தாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கூடத்தின் வாசலில். நேரமும் ஒவ்வாது. ஒருவர் ஒன்றரை என்கிறார், ஒருவர் இரண்டு, ஒருவர் சங்கு ஊதியபின் என்கிறார். எந்தச் சங்கு? சொல்லத் தெரியவில்லை. ஒரு பெண்மணி ஒரே மதியத்தில் படியிலும் தரையிலும் வாசலிலும் இருக்க முடியுமா? இந்தச் சாட்சியத்தை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

ஒன்றில் மட்டும் மூவரும் ஒத்துப்போகிறார்கள். அவள் இந்தக் கூடத்தைப் பார்த்து, "உள்ள எரியுதுங்க, கூடத்துல கொஞ்ச நேரம் சாஞ்சிக்கட்டா?" என்று கேட்டாளாம். மூன்று வாக்குமூலத்திலும் ஒரு சொல் மாறவில்லை. என் அனுபவத்தில் மூன்று சாட்சிகள் வாயில் ஒரு வாக்கியம் அச்சுப்போல் வந்தால் அது சொல்லிக் கொடுக்கப்பட்டது என்று பொருள். ஆகவே அதைத் தள்ளிவிட்டேன்.

நானா? நான் இங்கேதான் இருந்தேன். அன்று ஒரு பழைய மேல்முறையீட்டு நகலைப் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன். கால் வைக்க இடமில்லை. அப்படிப் பரப்பியதைக் கலைத்தால் மறுபடி அடுக்க இரண்டு நாள் ஆகும். அதை அவளிடம் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு உறங்கிவிட்டேன். உறங்கியவன் சாட்சி ஆகமாட்டான். மேலே கேளுங்கள்.

பங்குனி அமாவாசை. விடியற்காலையிலேயே பாலாற்றங்கரைக்குப் போய்விட்டேன். தர்ப்பணம் முடித்துத் திரும்பும்போது பதினொன்றரை இருக்கும். தெருமுனையிலேயே சுண்ணாம்பு வாடை. வீட்டுக்கு வந்தால் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் வாளி. சுகுணா வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருக்கிறாள். படியேறிப் பார்த்தால் மாடியில் ஏணிமேல் நவநீதம். இன்னும் மூன்று பெண்கள் நீளக் கழியில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு. பெர்சிஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கூரை முழுவதும் முடிந்துவிட்டது. வெளேரென்று. கண் கூசியது.

நான் கத்தவில்லை. சிலர் கத்தினேன் என்பார்கள். "எல்லாரும் இறங்குங்கள்" என்று மட்டும் சொன்னேன். இறங்கினார்கள். பெர்சிஸ் ஏதோ சொல்ல வந்தார். "என் மனைவிக்கு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, அவள் வீட்டில் கல்யாண வெள்ளையா?" என்று கேட்டேன். ஏணியிலிருந்து கையை எடுத்தார். பின்னாலேயே ஏறி வந்த சுகுணாதான் சொன்னாள்: "அத்தைக்காகத்தான் மாமா."

ஒரு தென்னந்துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். எனக்கு வயது அறுபத்தாறு. சுண்ணாம்பு காயவில்லை, தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போகும். தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத கொதி. ஊற்றினேன், தேய்த்தேன். கீழ்க்கோடியிலிருந்து பாதிவரை தேய்த்துவிட்டேன். "மாமா இறங்குங்க," "அண்ணே வேணாம்" என்று கீழேயிருந்து சத்தம். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. ஏணியின் அடியில் எப்படி வந்து விழுந்தேன் என்பதும் தெரியாது. ஒன்றை மட்டும் உறுதியாகப் பதிவு செய்யுங்கள்: அன்று அமாவாசை விரதம், வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. பட்டினி மயக்கம். வெயில் அல்ல.

இதன்பின் நடந்ததுதான் மனுவின் முக்கியப் பகுதி. ஐந்து பெண்கள் என்னைத் தூக்கிக்கொண்டுவந்து இந்தக் கூடத்தில் கிடத்தினார்கள். பெர்சிஸ் என் அனுமதியின்றி என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணி வைத்தார். நவநீதம் தலையில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். சுகுணா குமுதவல்லியின் பெட்டியைத் திறந்து, யாரும் தொடக்கூடாத அவளது நூல்புடவை ஒன்றை எடுத்து நனைத்து என்மேல் போர்த்தினாள். தலைத்திதிக்குமுன் அந்தப் பெட்டியைத் திறப்பதா? ஈரப்புடவையோடு கிடந்தபோது சுகுணா அழுதுகொண்டே யாரிடமோ, "இவ்ளோதான் அக்கா, ஒரு ஈரத்துணி, இந்தக் கூடத்துல ஓரமா ஒரு பாய், இவ்ளோதான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அரை மயக்கத்தில் கேட்டது சாட்சியம் ஆகாது. அதைக் குறிக்க வேண்டாம்.

மாலை கஜேந்திரன் வந்தான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. என் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கட்டுங்களை எல்லாம் மேல ஏத்திடறேன். நானே அடுக்கித் தரேன், ஒரு தாள் மாறாது. நாங்க கீழ ரூமுக்கு வந்துடறோம். சமையலும் கீழ."

"என்ன பேசுகிறாய்?" என்றேன். "அந்தச் சூட்டில் காகிதம் நொறுங்கிப்போகும்."

அவன் என்னைப் பார்த்தான். என்ன அப்படிச் சொல்லிவிட்டேன்? காகிதத்தைப் பற்றி அறிந்தவன் யாரும் சொல்லக்கூடியதுதான். எழுந்தான். மாடிக்குப் போனான். அரைமணியில் இரண்டு பையோடு இருவரும் இறங்கினார்கள். சுகுணா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த மரியாதை அவளுக்கு உண்டு. "பிரசவம் ஆனப்புறம் கீழ் ரூமு இருந்தா வரேன் மாமா. மேலன்னா வரமாட்டேன்" என்றாள். ஆரணிக்கு, அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள். கஜேந்திரன் அங்கிருந்தே வேலைக்குப் போய் வருகிறான். தினமும் எட்டு மணிக்கு அவன்தான் தொலைபேசியில் அழைப்பான். "தண்ணி குடிச்சீங்களா?" என்பான். குடித்தேன் என்பேன். வைத்துவிடுவான். ஒரு நாள், குழந்தை எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "எந்தக் குழந்தைப்பா? அது இன்னும் எண்ணிக்கைல வரலியே" என்றான். இந்தக் குத்தலெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது? சென்ற மாசிவரை என் வீடு ஒரு வீடாக இருந்தது.

என்ன பரிகாரம் கேட்கிறேன் என்கிறீர்களா? மனுவின் கடைசிப் பத்தியைப் பார்க்கவில்லையா நீங்கள்? மன்னிப்புக் கடிதம், அது இருக்கட்டும். பெர்சிஸ் நேரில் ஆரணிக்குப் போகவேண்டும். பேசிப் பேசித்தானே என் மருமகளை இந்த வீட்டைவிட்டுக் கிளப்பினார்? அதே வாயால் பேசித் திரும்பக் கொண்டுவந்து விடட்டும். ஆனியில் பிரசவம். அதற்குள் முடிக்க வேண்டும். காலக்கெடு போட்டிருக்கிறேன்.

போய்ப் பேசுவதென்றால் என் தரப்பில் என்ன உறுதி தருகிறேன் என்று கேட்பார். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். மனுதாரர் பிடிவாதக்காரர் என்று யாரும் சொல்லக்கூடாது. நேற்று முழுவதும் அந்த அறையை நானே டேப் வைத்து அளந்தேன். எண்பத்தேழுக்கு முந்திய கட்டுகளை இரண்டாக அடுக்கி, ஜன்னலோரத்து அலமாரியை மூன்றடி நகர்த்தினால், உத்தரத்துக் கொக்கிக்கு நேர்கீழே காலியிடம் கிடைக்கிறது. ஒரு தொட்டில் கட்டலாம். தாராளமாகக் கட்டலாம். காற்றும் வரும். குழந்தையை மேலே வைத்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. அந்த அனல் பச்சைக் குழந்தைக்கு ஆகாது, எனக்குத் தெரியாதா? பகல் முழுவதும் என் பார்வையில் இங்கே உறங்கட்டும். எழுதினீர்களா? தொட்டில் கீழே. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

சுகுணாவா? அவள் எங்கே இருப்பாள் என்றால் என்ன கேள்வி? மேலே சமைத்துக்கொண்டிருப்பாள்.